போடி மலையின் கால்வழிகள்

தோழியரே! நம் பள்ளியின் மேல்மாடியில் நின்று மேற்கே நோக்கினால், மலைத்தொடர் நீலநிறச் சுவர் எழுப்பியதுபோல் தோன்றும். சுவரில் வழி ஏது என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு பூகோளப் பாடத்துக்காக நம் வட்டாரத்தின் நிலவமைப்பைப் பற்றி எழுதி வரும்படி சிஸ்டர் கூறினார்கள். வீட்டுக்குப் போய் அம்மாச்சியிடம் கேட்டேன். "மலைக்கு எத்தனை வழி தெரியுமா? ரோட்டை மட்டும் பார்த்தா எப்படித் தெரியும்?" என்றார்கள். அன்று தொடங்கிய கேள்விகளின் பயனே இக்கட்டுரை.

முதலில் ஒரு சொல். போடிமெட்டு, கம்பம்மெட்டு, இராமக்கல்மெட்டு என நம் மேற்கு எல்லை நெடுகிலும் ஊர்ப்பெயர்கள் "மெட்டு" என்றே முடிகின்றன. அடிவாரத்து ஊரிலிருந்து ஏறிச் சென்றால் மலை முகட்டைத் தாண்டும் இடமே மெட்டு. எந்த ஊர்க்காரர் எந்த வழியாக ஏறினார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. சாலை வருவதற்கு முன்பே பாதை இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு இன்று பேருந்தில் போகிறோம். முந்தல் தாண்டியதும் 17 கொண்டை ஊசி வளைவுகள். அம்மாச்சி என் வயதில், அதாவது பதினைந்து வயதில், இம்மலையைக் காலால் ஏறியவர்கள். திங்கட்கிழமை கோழி கூவும் முன்னே தூக்குச்சட்டியில் பழைய சோறும், துணியில் முடிந்த வாரத்து அரிசியுமாக முந்தலில் கூடுவார்களாம். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துதான் ஏறுவார்கள். காட்டுமாடும் யானையும் உள்ள மலை அல்லவா? மேலே ஏலத்தோட்டத்தில் ஆறு நாள் வேலை. சனிக்கிழமை கூலியோடு இறக்கம். அம்மாச்சி பள்ளிக்கூடம் சென்றதில்லை.

மார்கழியில் நானும் அம்மாச்சியும் மாமாவும் பேருந்தில் போடிமெட்டுக்குச் சென்றோம். நான் சன்னல் ஓரம் காட்சி பார்க்க உட்கார்ந்தேன். அம்மாச்சியோ ஒவ்வொரு வளைவிலும், "இந்தா, இங்கனதான் பாதை ரோட்டைக் குறுக்கே வெட்டும்... இங்கன ஒரு ஊத்து இருந்துச்சு" என்று விரல் நீட்டிக்கொண்டே வந்தார்கள். எனக்கு உண்ணிப் புதர்தான் தெரிந்தது. சாலை வளைந்து வளைந்து செல்வது சக்கரத்துக்காக. பாதை நேரே ஏறுவது காலுக்காக. ஒரே மலையில் இரண்டு எழுத்துகள் எழுதியதுபோல் அவை ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. ஒன்றைத்தான் நமக்கு வாசிக்கத் தெரியும்.

இந்த ஏற்றத்தில் நாம் படிக்கும் தாவரவியல் முழுவதும் வரிசையாக நிற்கிறது. அடிவாரம் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு நமக்குச் சாரலை மட்டும் அனுப்புகிறது. ஆதலால் கீழே கருவேலும் கள்ளியும் முட்புதருமான கரடு. ஊசிப்புல் பாவாடையில் குத்தி வீடுவரை வரும். சற்று ஏறினால் கோடையில் இலையுதிர்க்கும் காடு. முகட்டை நெருங்கும்போது காற்றே மாறுகிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும் என்று படித்தோமே, அதைப் போடிமெட்டில் இறங்கியவுடன் என் பற்கள் மெய்ப்பித்தன!

மெட்டைத் தாண்டியதும் ஏலக்காடு. ஏலச்செடி வெயில் தாங்காது. பெருமரங்களின் நிழலும், மட்கிய சருகும், ஈரமும் வேண்டும். அதனால் தோட்டம் என்றாலும் காடு போலவே இருக்கிறது. பூவும் காயும் செடியின் உச்சியில் இல்லை; அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் கொத்துகளில் இருக்கின்றன. எனவே காய் எடுப்பவர்கள் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோதான் வேலை செய்ய வேண்டும். அம்மாச்சியின் முதுகு ஏன் வளைந்தது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. இப்போதும் விடியற்காலையில் நம் ஊரிலிருந்து ஜீப்புகளில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இதே வேலைக்குச் செல்வதைப் பார்க்கிறோம்.

இரண்டாவது வழி குரங்கணி வழி. போடியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். கொட்டகுடி ஆற்றை ஒட்டி மாந்தோப்புகளும் இலவந்தோப்புகளுமாகச் செல்லும் சாலை குரங்கணியோடு சரி. அதற்கு மேல் சென்ட்ரல், டாப் ஸ்டேஷன் என்று ஏற வேண்டும். இரயிலே காணாத மலையில் "ஸ்டேஷன்" எப்படி வந்தது என்று சிரிக்காதீர்கள். மூணாறுத் தேயிலையை வெளியே அனுப்ப 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். அதன் வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-இல் அதுவே சிறிய இருப்புப் பாதையாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அந்த அடிவார இடம் பாட்டம் ஸ்டேஷன் எனப்பட்டது. அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டி. மதுரை-போடி இரயில் வந்ததோ 1928-இல்தான். அதற்குள் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேலிருந்த இருப்புப் பாதையை அழித்துவிட்டது. அதை மீண்டும் போடவில்லை. இரயில் போனது, கம்பிவடம் போனது, ஸ்டேஷன் என்ற பெயரும் கால்வழியும் மட்டும் நிலைத்தன.

பொங்கல் விடுமுறையில் மாமாவுடனும், வழி தெரிந்த குரங்கணிக்காரர் ஒருவருடனும், வனத்துறையின் அனுமதி பெற்று சென்ட்ரல் வரை நடந்தேன். அரிசி மூட்டை சுமந்த குதிரைகள் எங்களைத் தாண்டி மேலே போயின. பாதையின் நடுவில் கற்கள் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தன. இம்மலைகளில் முதுவர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். மதுரையிலிருந்து முன்னோர் பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறியதால் அப்பெயர் வந்தது என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. முதுவாக்குடி என்றே குரங்கணிக்கு அருகில் ஓர் ஊர் உண்டு.

மேலே செல்லச் செல்லக் காடு மடிப்புகளில் ஒதுங்கிக்கொள்கிறது. வெளிச்சரிவுகளில் ஆள் உயரப் புல். ஈரமான மடிப்புகளில் அடர்ந்து நிற்பது சோலை; திறந்த முதுகுகளில் இருப்பது புல்மேடு. தை மாதத்திலேயே புல்லின் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. கூட வந்தவர் ஒரு தாளைக் கசக்கி முகரச் சொன்னார். எலுமிச்சை மணம்! அழகான மணம்தான். ஆனால் அந்த மணம் தரும் தைலம் தீப்பற்றக்கூடியது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே நடக்க எனக்கு மனம் வரவில்லை. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. வெளியூரிலிருந்து மலையேற்றத்துக்கு வந்த குழுவினர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும்போது புல்மேட்டுத் தீயில் அகப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் பெண்கள். எனக்கு அப்போது எட்டு வயதுகூட நிரம்பவில்லை. மறுநாள் ஊருக்கு மேலே ஹெலிகாப்டர் பறந்தபோது, விவரம் அறியாத நாங்கள் தெருவில் ஓடி ஓடிக் கையசைத்தோம். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

தீ மலைச்சரிவில் எப்படிப் போகிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். சூடான காற்று மேலெழும். சரிவில் தீ நாக்கு மேலுள்ள புல்லின் மீதே சாயும். அது பற்றுமுன்பே காய்ந்து தயாராகிவிடும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகையால் மேல்நோக்கி ஓடுபவரைத் தீ முந்திவிடும். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைக்கோ, ஈரமான ஓடைக்கோ, முன்பே எரிந்து ஆறிய கரிநிலத்துக்கோ போவதே பிழைக்கும் வழி. இதை அம்மாச்சியிடம் பெருமையாக விளக்கினேன். "மாசி பங்குனியில நாங்க புல்லு வழியே போகமாட்டோமேத்தா. சுத்துனாலும் சோலை ஓரமாத்தான் போவோம். பீடி பத்தவச்சவனை மூப்பர் அடிச்சே போடுவாரு" என்றார்கள். நான் புத்தகத்தில் கண்டதை அவர்கள் காலால் கற்றிருந்தார்கள்!

அந்த விபத்துக்குப் பின் மலையேற்றத்துக்கென அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழகம் முழுவதும் 40 வழிகளை வனத்துறையே திறந்தது; அவற்றுள் குரங்கணி - சாம்பலாறு வழியும் ஒன்று. வழிகாட்டியுடன்தான் போகலாம், தீப்பருவத்தில் மூடிவிடுவார்கள். நம் வகுப்பில் சிலர், "நம் ஊர் மலைக்கு நமக்கே அனுமதியா?" என்று முகம் சுளித்ததை அறிவேன். நானும் சுளித்தவள்தான், இப்போது இல்லை.

போக விரும்பும் தோழியர் மார்கழியிலோ தையிலோ போங்கள். மழைக்காலமானால் சோலையில் அட்டை கால்விரல் இடுக்கு வரை ஏறும். உப்பும் சுண்ணாம்பும் துணியில் முடிந்து எடுத்துச் செல்லுங்கள். நீலக்குறிஞ்சி பார்க்கவேண்டுமானால் பொறுத்திருக்க வேண்டும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030.

முந்தல் பாதையை நான் இன்னும் நடக்கவில்லை. அம்மாச்சி சொல்லச் சொல்ல, ஊற்று, மூன்றாவது வளைவுக்கு மேலுள்ள சாய்ந்த பாறை, இளைப்பாறும் மரத்தடி என்று ஒரு நோட்டில் வரைந்து வருகிறேன். பாதி வரை வந்திருக்கிறது. மீதியை அவர்கள் நினைவுகூரும் நாளெல்லாம் பென்சிலோடு அருகில் உட்காருகிறேன்.

— மாணவி, 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு