கேஸ் கட்டோடு போ

அன்புள்ள தங்கைக்கு,

வெளிநாட்டு ஃபெலோஷிப்புக்கு நீ கேட்ட பரிந்துரைக் கடிதத்தை நேற்றே அனுப்பிவிட்டேன். உன்னைப் பற்றி எழுதவேண்டியதை அதில் எழுதியாயிற்று. உனக்கு எழுதவேண்டியது மீதியிருக்கிறது. ஃபெலோஷிப்புக்குப் போகலாமா என்ற இதே கேள்வியோடு ஐகோர்ட் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொள்ளும் மற்ற ஜூனியர்களுக்கும் பயன்படட்டும் என்று எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். உன் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் உன் விண்ணப்பத்தில் விட்டுப்போனது அதுதான்.

நீ காட்டிய வரைவில் முதல் பக்கம் முழுக்க மனித உரிமை, சமூக நீதி, விளிம்புநிலை மக்கள், அர்ப்பணிப்பு. எதுவும் பொய்யில்லை. ஆனால் நைரோபியிலும் லிமாவிலும் மணிலாவிலும் இருந்து விண்ணப்பிக்கிறவர்களும் இதையேதான் எழுதுவார்கள். உன் ஊரான சடையங்குப்பத்தை எழுதக்கூடியவள் நீ ஒருத்திதான்.

மழைக்காலத்தில் புழல் ஏரியின் மதகைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கை அறிவிப்பு வரும். நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி என்று உபரிநீர் போகிற வழியில் உள்ள ஊர்களையெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்து உன் ஊரில் முடிப்பார்கள். அதற்கப்புறம் ஆறும் எண்ணூர்க் கழிமுகமும்தான். பர்மா நகரிலும் இருளர் காலனியிலும் இடுப்பளவுத் தண்ணீர் நின்றதை நீ வீட்டுக்குள் இருந்தே பார்த்தவள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றுக்குப் போய், படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் ஒட்டியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏன் ‘விளிம்புநிலை மக்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறாய்?

ஓர் எச்சரிக்கை. ஊரை எழுது, கட்சிக்காரரை எழுதாதே. ஆபீசுக்கு வந்து அழுத அம்மாவின் கதை உருக்கமாக இருக்கும்தான். ஆனால் அவர் சொன்னது உன் வக்காலத்துக்கு உள்ளே சொன்னது. அதை அவர் சம்மதமில்லாமல் வெளியே எடுக்கச் சாட்சியச் சட்டமும் இடம் தரவில்லை. பழைய 126-ஆம் பிரிவு இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 132-ஆக உட்கார்ந்திருக்கிறது. ஏழ்மையை விற்று இடம் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தபின் அந்தத் தெருவுக்குள் அவர்களால் தலைநிமிர்ந்து நடக்க முடிவதில்லை.

இப்போது எதற்கு விண்ணப்பிப்பது என்கிற விஷயம். ஃபெலோஷிப் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்து நீ ஐந்தாறைக் குறித்து வைத்திருக்கிறாய். அதில் பாதி பட்டப்படிப்பு. செவனிங் ஓராண்டு முதுகலைக்குப் பிரிட்டிஷ் அரசு தருவது; இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், முடித்ததும் இரண்டு ஆண்டு ஊர் திரும்பி இருக்கச் சொல்வார்கள். ஃபுல்பிரைட்-நேருவின் முதுகலைப் பிரிவுக்கு மூன்று ஆண்டு அனுபவம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் படி. எல்.எல்.எம். படிக்க ஆசையிருந்தால் போ, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அது படிப்பு. வழக்கு நடத்துகிறவருக்கான பயிற்சி வேறு ரகம். கொலம்பியா பல்கலைக்கழகம் 1989 முதல் நடத்திவரும் மனித உரிமைச் செயல்பாட்டாளர் திட்டம் ஒன்று. சில மாதங்கள் நியூயார்க்கில், பட்டம் கிடையாது. அதே 1989-இல் பத்து நாட்டு வழக்கறிஞர்கள் சேர்ந்து தொடங்கிய ஈலா என்கிற சுற்றுச்சூழல் சட்டக் கூட்டமைப்பு, ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் என்ற நகரில் இருக்கிறது. அங்கே வக்கீல்களுக்குப் பக்கத்து அறையில் விஞ்ஞானிகள் உட்கார்ந்திருப்பார்கள். என்னைக் கேட்டால் உனக்கு இந்தப் பயிற்சி ரகம்தான். பெயர் பெரிதாக இல்லையே என்று உன் சீனியர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் நடத்தும் பழங்குடியினர், சிறுபான்மையினர் ஃபெலோஷிப்புகளையும் நீ குறித்திருக்கிறாய். அவை அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களுக்கே உரியவை, அவர்களுக்காகப் பேசுகிற வக்கீலுக்கு இல்லை. இந்த நாட்டில் பழங்குடி யார் என்பதில் தில்லிக்கும் ஐ.நா.வுக்கும் தீராத வாதம் வேறு இருக்கிறது. இருந்தாலும் இருளர் காலனியில் பட்டம் முடித்த பிள்ளை யாராவது இருந்தால் அந்த அறிவிப்பைக் கொண்டுபோய்க் கொடு. விண்ணப்பம் எழுத நானும் கூட உட்காருகிறேன்.

சரி, அங்கே போய் என்ன கற்பது? மனித உரிமைத் தத்துவத்தைப் பட்டரைப்பெரும்புதூர் சட்டக் கல்லூரியிலேயே போதுமான அளவு படித்திருக்கிறாய். ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கோட்பாடும் இங்கேயே கிடைக்கும். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் மீது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை இந்தியச் சட்டமாக்கியது. 2010-இல் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். எண்ணூர்க் கழிமுகத்துக்கு 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, பின்னால் வந்த வரைபடத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் அதற்காக விமானம் ஏறவில்லை.

நம்மிடம் குறைவாக இருப்பது இரண்டு. முதலாவது, பணத்தின் தடத்தைப் பிடிக்கிற பழக்கம். ஒரு திட்டம் வந்தால் நாம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைப் பார்ப்போம், மாநகராட்சியைப் பார்ப்போம், கம்பெனியைப் பார்ப்போம். கடன் கொடுத்தவரைப் பார்ப்பதில்லை.

குஜராத் முந்திரா கடற்கரை மீனவர்கள் பார்த்தார்கள். டாடாவின் அனல்மின் நிலையத்துக்கு உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 45 கோடி டாலர் கடன் கொடுத்திருந்தது. மீனவர்கள் முதலில் அந்தக் கழகத்தின் குறைகேட்கும் அமைப்புக்கு எழுதினார்கள். கழகம் தன் சொந்த விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று அந்த அமைப்பே 2013-இல் சொன்னது. ஒன்றும் நடக்காமல் போகவே 2015-இல் வாஷிங்டனில் வழக்குப் போட்டார்கள். சர்வதேச அமைப்பு மீது வழக்கே போட முடியாது என்று கழகம் வாதாடியது. 2019 பிப்ரவரி 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட முழு விலக்கு கிடையாது என்று 7-க்கு 1 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. உலகம் முழுக்கக் கொண்டாடினார்கள். ஆனால் வழக்கு கீழே திரும்பிப் போனதும், குற்றச்சாட்டின் மையம் இந்தியாவில் நடந்த காரியம் என்று சொல்லி 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடியையே உறுதிசெய்தது. இந்த இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்துவிட்டுப் போ. முதல் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள், அமெரிக்க நீதிமன்றம் நம் ஊருக்கு நியாயம் தந்துவிடும் என்கிற நினைப்போடு திரும்பி வருவார்கள்.

உன் ஊருக்கும் அந்தத் தடம் உண்டு. கொசஸ்தலையாற்றுப் படுகையில் மாநகராட்சி கட்டிவரும் மழைநீர் வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 251 மில்லியன் டாலர் கடன் தந்திருக்கிறது. திருவொற்றியூர், மணலி மண்டலங்கள் அதில் வருகின்றன. வடிகால் வந்தபின் உங்கள் தெருவில் தண்ணீர் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? நீ அளந்து வைக்கவேண்டிய விஷயம் இது. பாதிப்பு இருந்தால் அந்த வங்கிக்கே ஒரு பொறுப்புக்கூறல் அமைப்பு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மனு கொடுக்கலாம். முதலில் திட்டத்தை நடத்துகிற வங்கி அதிகாரிகளிடம் முறையிட்டிருக்க வேண்டும், அந்தக் கடிதங்கள் கைவசம் வேண்டும். கடன் கணக்கு முடிந்து இரண்டு ஆண்டு வரைதான் கதவு திறந்திருக்கும். உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழி எதிலும் எழுதலாம் என்பது விதி. இலங்கையின் புண்ணியத்தில் தமிழுக்கும் இடமுண்டு. இந்த மனுவை எப்படி வடிப்பது, விசாரணைக்கு வருகிறவர்களிடம் எதைக் கேட்பது, எங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் ஏற்கெனவே செய்தவர்களிடம்தான் கற்க முடியும். அதற்காக நீ விமானம் ஏறினால் நான் டிக்கெட்டை வாங்கித் தரத் தயார். (ஃபெலோஷிப்பே டிக்கெட் தரும், தெரிந்துதான் சொல்கிறேன்.)

சிபிசிஎல் பங்குப் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பார். 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸாகத் தொடங்கியபோது இந்திய அரசோடு அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் கூட்டு. அமோகோ போய்விட்டது. ஈரான் கம்பெனியின் கிளை ஒன்று நூற்றுக்குப் பதினைந்து பங்கோடு நெடுங்காலம் நீடித்தது. இதை வைத்து வழக்குப் போடலாம் என்று நான் சொல்லவில்லை. மணலிப் புகைபோக்கியைப் பார்த்தே வளர்ந்த உனக்கு இது தெரியாமல் இருந்ததே, அதைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது குறை, அறிவியல் அறிக்கையைப் படிக்கத் தெரியாதது. எண்ணெய் மிதக்கிறது, ஆலை தன்னுடையது இல்லை என்கிறது. எண்ணெய்க்கும் ரேகை உண்டு, ரசாயனப் பகுப்பாய்வில் மூலத்தைப் பிடிக்கலாம் என்று தெரிந்த வக்கீல் முதல் நாளே மாதிரி எடுக்கச் சொல்லி மனு போடுவார். தெரியாதவர் நஷ்டஈட்டு மனுவை மட்டும் போட்டுவிட்டு, ஆலை கொடுக்கும் ஆய்வறிக்கையில் எந்தப் பக்கம் கேள்வி கேட்பது என்று விழிப்பார். கலிபோர்னியாவில் 1995-இல் ஒரு வக்கீலின் முயற்சியில் பிறந்த முறை, சாதாரண பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பை வைத்துக் காற்றைப் பிடிப்பது. அது 2004-இல் கடலூர் சிப்காட் கிராமங்களுக்கு வந்து, நாற்றம் அடிக்கிறது என்ற ஊர்க்காரர் புகாரை எந்த வாயு, எவ்வளவு என்கிற எண்ணாக மாற்றியது. அந்தப் பயிற்சியை எடுத்தவர்கள் கிராமத்து மக்கள். யூஜீனுக்குப் போனால் அங்குள்ள விஞ்ஞானிகள் முன் உன் கேஸ் கட்டைப் பிரித்துவை. சாம்பல் அறிக்கை, தண்ணீர் அறிக்கை, வாரியத்தின் ஆய்வுக் குறிப்பு, எல்லாவற்றையும் வரிவரியாகக் கேள். கட்டில்லாமல் போகிறவருக்கு அவர்கள் பாடம்தான் நடத்த முடியும்.

ஆகவே கிளம்ப அவசரப்படாதே. மூன்று வருஷமாவது கோர்ட்டில் நின்று முடித்துவிட்டுப் போ. ஜூனியருக்குச் சென்னையில் மாதம் இருபதாயிரமாவது கொடுக்கவேண்டும் என்று 2024 ஜூனில் ஐகோர்ட் சொன்னபடி பார் கவுன்சில் சுற்றறிக்கை போட்டது; எத்தனை ஆபீசில் கொடுக்கிறார்கள் என்பதை உன்னைவிட யாருக்குத் தெரியும்? வறுமைக்குப் பயந்து ஃபெலோஷிப்புக்கு ஓடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதுதான் காரணம் என்றால் அதை உனக்குள்ளாவது ஒப்புக்கொள்.

வெளிநாட்டுப் பணம் என்ற பேச்சும் வரும். லாயர்ஸ் கலெக்டிவின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவை 2016-இல் ரத்து செய்தார்கள். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் ரித்விக் தத்தா மீது 2023-இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. அவர்கள் அளவுக்கு நீ பெரிய ஆளில்லை. அதனாலேயே உன்னை மிரட்டுவது சுலபம். உதவித்தொகைக்குத் தனி வங்கிக் கணக்கு வை. வழக்குச் செலவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்காதே. தேர்வுக் கடிதம், விமானச் சீட்டு, தங்கிய ரசீது எல்லாம் ஒரு கோப்பில். ஊரில் கேட்கிறவர்களுக்கும் நீயாகவே முதலில் சொல்லிவிடு, யார் பணம், எவ்வளவு, எதற்கு என்று. குப்பத்து மனிதர்கள் தெரிந்ததை மன்னிப்பார்கள், ஒளித்ததை மன்னிக்க மாட்டார்கள்.

போகிற மாதங்களில் உன் வாய்தாக்களை யார் பார்ப்பது? கலாஸ் மகாலில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் அனுமதியை எதிர்த்து அப்பீல் போட 30 நாள், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டால் மேற்கொண்டு 60 வரை. நஷ்டஈடு கேட்காத மற்ற மனுவுக்கு ஆறு மாதம். நீ நியூயார்க்கில் இருக்கும்போது ஒரு புது அனுமதி வந்து அந்த நாள் கடந்துவிட்டால், திரும்பி வந்து என்ன சொல்வாய்? கூட ஒருவர் பெயரைச் சேர்த்து வக்காலத்தை மாற்றி எழுதி, கட்சிக்காரர்களை நேரில் கூட்டிக்கொண்டுபோய் அறிமுகப்படுத்திவிட்டுக் கிளம்பு. போனில் சொன்னால் போதாது.

கடைசியாக பாஸ்போர்ட். இதை நீ யோசித்திருக்கவே மாட்டாய். அமோனியா கசிவுக்குப் பிறகு ஆலை வாசலில் உட்கார்ந்தவர்களில் நீயும் ஒருத்தி. அனுமதியில்லாமல் கூடியதாக வழக்குப் பதிந்திருந்தால் போலீஸ் சரிபார்ப்பில் அது மேலே வரும். எஃப்ஐஆர் மட்டும் இருந்தால் அதைக் கோர்ட்டில் நிலுவையிலுள்ள வழக்காகக் கொள்ள முடியாது என்று நம் ஐகோர்ட் பலமுறை சொல்லியிருக்கிறது. குற்றப்பத்திரிகை ஏற்கப்பட்டிருந்தால் அந்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், 1993-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அதற்குத் தனி மனு. அதற்கே இரண்டு மூன்று வாய்தா ஓடிவிடும். எனவே இந்த வாரமே ஸ்டேஷனில் விசாரித்து, உன் பெயர் எந்தக் குற்ற எண்ணில் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி அனுப்பு. பெயர் இருந்தால் மனுவை நான் வடிக்கிறேன். முதல் பக்கத்தைத் திருத்தி எழுதிய விண்ணப்பத்தையும் கூடவே அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்