வசாய்க் கோட்டையில் ஒரு நாள்

நுழையும் முன்

கோடை விடுமுறையில் எல்லோராலும் ஊருக்குச் சென்றுவர இயல்வதில்லை. சில ஆண்டுகளில் தொடர்வண்டியில் இடம் கிடைப்பதில்லை. சில ஆண்டுகளில் பெற்றோருக்கு விடுப்புக் கிடைப்பதில்லை. ஆயினும், குடும்பத்தோடு வெளியே சென்றுவர ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நாம் வாழும் தாணே, மும்பைப் பகுதியில் கோட்டைகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் ஒன்றை எவ்வாறு கண்டு வருவது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

நம்மைச் சுற்றியுள்ள அரண்கள்

கோட்டையைத் தமிழில் அரண் என்றும் கூறுவர். திருக்குறளில் ‘அரண்’ என்னும் பெயரிலேயே ஓர் அதிகாரம் உண்டு. பகைவர் எளிதில் நெருங்க முடியாதபடி மலை, காடு, நீர், மதில் ஆகியவற்றால் காக்கப்படும் இடமே அரண்.

நம் பகுதியில் பெரும்பாலும் நீரே அரணாக நின்றது. தாணே நகரில், கழிமுகத்தின் அருகே போர்த்துகீசியர் ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினர். 1737ஆம் ஆண்டு அதனை மராத்தியர் கைப்பற்றினர். அக்கோட்டைக்குள் இன்று இயங்குவது தாணே நடுவண் சிறைச்சாலை. ஆகவே, நாம் விரும்பியபோது அதனுள் செல்ல இயலாது.

அதே 1737ஆம் ஆண்டில், மித்தி ஆற்றங்கரையில் ஆங்கிலேயர் ஒரு சிறு கோட்டையைக் கட்டினர். மும்பை ஆளுநர் ஹார்ன் என்பவரின் ஆணைப்படி அது கட்டப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. தாராவியில் வாழும் மாணவர்கள் அக்கோட்டையை நன்கு அறிவர். ‘காலா கில்லா’ என்று நாள்தோறும் பேருந்தில் கேட்கும் பெயர் அதனுடையதே. தாராவிக்குள்ளேயே ஒரு கோட்டை உண்டு என்பதை உங்கள் வகுப்பில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

வசாய்க் கோட்டையின் வரலாறு

ஒரு பகல் முழுவதும் சுற்றிப் பார்க்க ஏற்றது வசாய்க் கோட்டை. குசராத்தை ஆண்ட பகதூர் ஷா, முகலாயப் பேரரசர் உமாயூனின் படையெடுப்புக்கு அஞ்சியிருந்த காலம் அது. போர்த்துகீசியரின் நட்பை நாடிய அவர், 1534ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியாக வசாயை அவர்களுக்கு அளித்தார். அவர்கள் அங்கே மதிலோடு ஒரு நகரத்தையே எழுப்பினர். தேவாலயங்கள், மடங்கள், மாளிகைகள், தெருக்கள் யாவும் மதிலுக்குள் அமைந்தன. தரை வழியாக வருவோர்க்கு ஒரு வாயிலும், படகில் வருவோர்க்குக் கடலை நோக்கி ஒரு வாயிலும் இருந்தன.

1739ஆம் ஆண்டு, பேஷ்வா முதலாம் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா பெரும்படையுடன் கோட்டையை முற்றுகையிட்டார். வீரர்கள் மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்து வைத்து அதனைப் பிளந்தனர். மே மாதத்தில் கோட்டை பணிந்தது. தோற்றவர்கள் தம் உடைமைகளுடன் வெளியேற அனுமதிக்கப்பட்டனர். வசாயில் ஒலித்த தேவாலய மணிகளுள் ஒன்று, நாசிக் நகரில் கோதாவரிக் கரையிலுள்ள நாரோசங்கர் கோயிலில் இன்றும் தொங்குகிறது.

1802ஆம் ஆண்டு பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்துகொண்டதும் இதே வசாயில்தான். அதன்பின் மராத்தியரின் ஆற்றல் படிப்படியாகக் குறைந்தது. இன்று இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

புறப்படுவோம்

தாணேயிலிருந்து கோட்பந்தர் சாலை வழியாக வசாய் செல்லலாம். ‘கோடா’ என்றால் குதிரை; ‘பந்தர்’ என்றால் துறைமுகம். குதிரை வாணிகம் நடந்த துறை என்பதால் இப்பெயர் வந்தது என்பர். தாராவி, மாட்டுங்கா பகுதிகளில் வாழ்வோர் மேற்குத் தடத் தொடர்வண்டியில் வசாய் ரோடு நிலையம் சென்று, அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ கோட்டையை அடையலாம்.

மே மாத வெயில் கடுமையானது. எனவே, காலையிலேயே புறப்படுங்கள். குடிநீர், மோர், தொப்பி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வெயிலில் கெடாத புளியோதரை நல்ல கட்டுச்சோறு. இடிந்த படிகளில் ஏறாதீர்கள்; கிணற்றின் ஓரம் செல்லாதீர்கள். சுவரில் பெயரைக் கீறுவது பெருங்குற்றம். பல நூற்றாண்டுகள் நின்ற சுவரை ஓர் ஆணியாலும் பாழாக்கிவிட முடியும்.

படித்துச் சொல்பவர் நீங்களே

கோட்டையில் நீங்கள் ஆற்ற வேண்டிய பணி ஒன்று உண்டு. அங்குள்ள அறிவிப்புப் பலகைகள் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். உங்கள் ஆச்சியோ தாத்தாவோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவராக இருக்கலாம்; எழுத்தே அறியாதவராகவும் இருக்கலாம். பிறர் பலகையின் முன் நின்று படிக்கும்போது, அவர் ஒதுங்கி மர நிழலில் அமர்ந்துகொள்வார். “நீங்க பாத்துட்டு வாங்க” என்பார். வேடிக்கை பார்க்க அவருக்கு விருப்பம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

அவர் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். பலகையில் உள்ளதைப் படித்து, அவருக்குத் தமிழில் சொல்லுங்கள். சொல் கிடைக்காமல் தடுமாறினால், அவரிடமே கேளுங்கள். “கோட்டையைச் சுற்றி வெட்டிய பள்ளத்திற்கு என்ன பெயர், ஆச்சி?” என்று நீங்கள் கேட்டால், “அகழி” என்று அவர் சொல்லலாம். பலகையைப் படிக்க நீங்கள் அவருக்குத் துணை. தமிழ்ச்சொல்லுக்கு அவர் உங்களுக்குத் துணை.

ஆச்சி அறிந்த கோட்டை

நிழலில் அமர்ந்து உண்ணும்போது, “செஞ்சிக் கோட்டையைப் பற்றித் தெரியுமா?” என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். செஞ்சி, தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதில்களால் இணைத்துக் கட்டிய கோட்டை அது.

1677ஆம் ஆண்டு சத்ரபதி சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். 1689இல் மராட்டியத் தலைநகரான ராய்காட் முகலாயரால் முற்றுகையிடப்பட்டபோது, அவருடைய மகன் இராஜாராம் தெற்கே வந்து செஞ்சியில் தங்கினார். இன்றைய மகாராட்டிரத்திலிருந்து வந்த அரசருக்குத் தமிழ்நாட்டுக் கோட்டை ஒன்று புகலிடமாயிற்று. முகலாயர் அதனைப் பல ஆண்டுகள் முற்றுகையிட்டு, 1698இல்தான் கைப்பற்றினர்.

அதன்பின் அங்கு ஆண்டவர் தேசிங்கு ராஜன். அவர் வடநாட்டுப் புந்தேல மரபினர். 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து இளம்வயதில் போர்க்களத்தில் உயிர்நீத்தார். வேற்று நாட்டிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை என்று தமிழ்மக்கள் அவரை ஒதுக்கவில்லை. அவரையும் அவருடைய குதிரையையும் கதைப்பாடலாகப் பாடினர். ஊர்தோறும் அக்கதை பரவியது.

2025ஆம் ஆண்டு மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று செஞ்சி. “உன் ஊர் எது?” என்று வகுப்பில் எவரேனும் கேட்டால், தயங்காமல் இரண்டு ஊர்களின் பெயரையும் சொல்லுங்கள். வந்த ஊரும் வாழும் ஊரும் வரலாற்றில் முன்பே உறவாடியவை.

சொல்லும் பொருளும்

அரண் – கோட்டை, பாதுகாப்பான இடம்
கொத்தளம் – மதிலிலிருந்து வெளியே நீண்டிருக்கும் காவல் மேடை
முற்றுகை – பகைவரைச் சூழ்ந்து வளைத்தல்
கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
கட்டுச்சோறு – வழிப்பயணத்திற்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு

தமிழும் மராத்தியும்

கோட்டை – கில்லா
மதில் – தட்
கொத்தளம் – புருஜ்
வாயில் – தர்வாஜா
அகழி – கந்தக்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பகதூர் ஷா வசாயைப் போர்த்துகீசியருக்கு ஏன் அளித்தார்?
2. வசாய் எத்தனை ஆண்டுகள் போர்த்துகீசியர் வசம் இருந்தது? கணக்கிட்டு எழுதுக.
3. தாணேக் கோட்டைக்குள் நாம் ஏன் எளிதில் செல்ல இயலாது?

ஆ. சிந்தித்து எழுதுக.
1. ஆச்சி மர நிழலில் ஒதுங்கி அமர்வதற்கு வேறு என்ன காரணங்கள் இருக்கலாம்?
2. தேசிங்கு ராஜனைத் தமிழ்மக்கள் தம்மவராகப் பாடியதிலிருந்து நீங்கள் அறிவது யாது?

இ. பிரித்து எழுதுக.
தேவாலயம், கட்டுச்சோறு, உடைமைகளுடன், போர்க்களம்

ஈ. செயல்பாடு
1. உங்கள் தெருவிலோ தொடர்வண்டி நிலையத்திலோ உள்ள ஒரு மராத்தி அறிவிப்பைப் படித்து, அதன் பொருளைத் தமிழில் ஐந்து வரிகளில் எழுதுக. அதனை வீட்டில் ஒருவருக்குப் படித்துக் காட்டுக. அவர் திருத்திய சொற்களை அடிக்கோடிடுக.
2. தீபாவளி நாள்களில் மராத்தியக் குழந்தைகள் மண்ணால் கோட்டை கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். இவ்வாண்டு அவர்களுடன் சேர்ந்து, மூன்று மலைகளுடன் செஞ்சிக் கோட்டையைக் கட்டுங்கள். ஒவ்வொரு பகுதியின் பெயரையும் தமிழிலும் மராத்தியிலும் எழுதி வையுங்கள்.