உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் முறை

சாதாரண தரப் பரீட்சையிற் கணித பாடத்தில் விசேட சித்தி எய்திய மாணவருட் சிலர், உயர்தர வகுப்பிற் புகுந்த முதலாண்டிலேயே மனந் தளர்ந்து வேறு பிரிவுக்கு மாறிச் செல்வதை ஆசிரியர் யாவரும் அறிவர். அம்மாணவரின் அறிவு ஓராண்டிற் குன்றிவிட்டதென்று கொள்ளுதல் பொருந்தாது. அவர் அதுகாறும் கற்ற முறை ஒன்று; இப்பொழுது வேண்டப்படும் முறை மற்றொன்று. இவ்வேறுபாட்டினை இரண்டு எடுத்துக்காட்டுக்களால் விளக்கி, மாணவர்க்கும், அவர்க்கு உதவ விழையும் பழைய மாணவர்க்கும் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய மாணவருட் பலர் தூய கணிதம், பிரயோக கணிதம் என இரு பாடங்களாய்ப் பயின்றவை, இன்று இணைந்த கணிதம் என்னும் ஒரே பாடமாய் அமைந்துள்ளன. முதலாம் பத்திரத்தில் அட்சரகணிதம், திரிகோணகணிதம், வகையீடு, தொகையீடு, ஆள்கூற்றுக் கேத்திரகணிதம் முதலியன இடம்பெறும். இரண்டாம் பத்திரத்தில் நிலையியல், இயக்கவியல், நிகழ்தகவு, புள்ளிவிபரவியல் ஆகியன இடம்பெறும். ஒவ்வொரு பத்திரத்துக்கும் மூன்று மணி நேரம். பகுதி அ-வில் உள்ள 10 சிறு வினாக்களுக்கும் விடை எழுதுதல் வேண்டும். பகுதி ஆ-வில் உள்ள 7 வினாக்களுள் ஐந்தினைத் தெரிந்துகொள்ளலாம். 1000 புள்ளிகளுள் 750 இவ்வைந்து நெடிய வினாக்களுக்கே உரியன. ஒரு படி மற்றொன்றைத் தாங்கி நிற்கும் அவ்வினாக்களை மனனஞ் செய்த விடைகளால் வெல்லுதல் அரிது.

முதலாவது எடுத்துக்காட்டு நம் கண்முன்னே விரிந்து கிடப்பது. திருக்கோவிற் கடற்கரையில் நிற்கும் ஒருவனுக்கு அடிவானம் எவ்வளவு தூரத்திலுள்ளது? பூமியின் ஆரையை 'ஆ' என்றும், கடன்மட்டத்தினின்றும் கண்ணின் உயரத்தை 'உ' என்றும், அடிவானத்தின் தூரத்தை 'த' என்றும் கொள்வோம். கண்ணினின்றும் அடிவானத்துக்குச் செல்லும் கோடு பூமிக்குத் தொடலி. அது ஆரையுடன் செங்கோணம் ஆக்கும். ஆகவே, பைதகரசின் தேற்றப்படி,

த² = 2 × ஆ × உ + உ²

ஆகும். ஆரை 6,371 கிலோமீற்றர், உயரம் 1.5 மீற்றர் எனின், தூரம் ஏறக்குறைய 4.4 கிலோமீற்றர் எனப் பெறுவோம். வளிமண்டலத்தில் ஒளி சிறிது வளைதலை இங்குக் கருதவில்லை.

சாதாரண தர மாணவன் இவ்விடையுடன் நிறைவெய்துவான். உயர்தர மாணவனுக்கோ கணிதம் இங்கேதான் தொடங்குகின்றது. உ² என்னும் உறுப்பை விட்டுவிடலாமா? விடலாமெனின் எந்நிபந்தனையின்கீழ்? முதலாம் உறுப்பு 19,113,000 சதுர மீற்றர். இரண்டாம் உறுப்பு 2.25 சதுர மீற்றரே. ஆரையோடு ஒப்பிட உயரம் மிகச் சிறிதாகுங்கால் அதனை விடுத்தல் தகும். விண்கலத்திலிருந்து நோக்குவானுக்கு அது தகாது. அதனை விடுத்தபின், தூரம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம் என்பது புலனாகும். ஆதலின் உயரம் நான்கு மடங்காகி 6 மீற்றர் ஆயின், தூரம் இருமடங்காகி ஏறக்குறைய 8.7 கிலோமீற்றர் ஆகும். வகையீடு கற்ற மாணவன் மேலும் ஒருபடி சென்று, உயரம் நூற்றுக்கு ஒன்று கூடின் தூரம் நூற்றுக்கு அரையே கூடும் எனக் காண்பான். ஒரே படம், ஆயின் வினாக்கள் ஒன்றிலிருந்து ஒன்றாய்ப் பிறக்கின்றன.

இரண்டாவது எடுத்துக்காட்டு நம் கரையிற் பிறந்த பேரறிஞரொருவரை நினைவூட்டுவது. 1892 இற் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் தமிழ்ப் பண்டிதராகவும் விஞ்ஞான பட்டதாரியாகவும் விளங்கினார். இவ்விரு புலமையும் ஒருங்கே இயைந்தமையாலேயே, பழந்தமிழ் இசையைக் கணித வழியிலும் ஆராயும் 'யாழ் நூல்' 1947 இல் வெளிவருதல் இயன்றது. அத்துறைக்கு அடிப்படையான ஒரு வினாவை மாணவர் எண்ணிப் பார்க்கலாம்.

இழுவிசை மாறாதிருக்க, நரம்பின் நீளத்தைப் பாதியாக்கின் அதிர்வெண் இருமடங்காகும். குரல் மேற்றானத்தில் மீண்டும் ஒலிக்கும். நீளத்தை மூன்றில் இரண்டு பங்காக்கின் அதிர்வெண் ஒன்றரை மடங்காகும். குரலுக்கு ஐந்தாவதாகிய இளி பிறக்கும். இளிக்கு இளியாய்த் தொடர்ந்து ஏறிச் சென்றால், என்றேனும் தொடங்கிய குரலையே மேற்றானமொன்றிற் சரியாக அடைவோமா? பன்னிரண்டு முறை ஏறின் அதிர்வெண் ஏறக்குறைய 129.75 மடங்காகும், ஏழு தானம் ஏறின் 128 மடங்காகும். நெருங்குகின்றன, ஒன்றுபடவில்லை. இன்னும் பலமுறை ஏறினால்? கணிப்பான் கொண்டு ஆயிரம் முறை முயலினும் அடுத்த முறை யாதாகும் என்னும் ஐயம் நீங்காது. ஆனால் ஒரு நிறுவல் அதனை ஒரே வரியில் நீக்கும்: அவை ஒன்றுபடுமெனின், மூன்றின் அடுக்கொன்று இரண்டின் அடுக்கொன்றுக்குச் சமனாதல் வேண்டும், முன்னது என்றும் ஒற்றையெண், பின்னது என்றும் இரட்டையெண், ஆதலின் அது ஒருபோதும் நிகழாது. கணித்தலுக்கும் நிறுவுதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவற்றிலிருந்து பயிலும் முறை தானே விளங்கும். முதலாவதாக, ஆசிரியர் செய்து காட்டிய கணக்கை அன்றிரவே குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு மீளச் செய்தல் வேண்டும். தடைப்படும் இடமே கற்கவேண்டிய இடம். இரண்டாவதாக, ஒவ்வொரு படிக்கும் நியாயங் கூறுதல் வேண்டும். மூன்றாவதாக, காரணிப்படுத்தல், பின்னங்கள், சமனிலிகள் ஆகியவற்றிலுள்ள பழைய குறைகளை முதலாந் தவணையிலேயே நீக்குதல் வேண்டும்; வகையீடு கடினமென்று வருந்துவார் பலர்க்கு உண்மையில் இடருறுத்துவது அட்சரகணிதமே. நான்காவதாக, நிலையியலிலும் இயக்கவியலிலும் படம் வரைந்து விசைகளைக் குறிக்குமுன் சமன்பாடு எழுதலாகாது. கடந்தகால வினாத்தாள்களை இவற்றின் பின்னரே, நேரத்தை அளந்து செய்தல் நன்று. முதலிலேயே அவற்றின் மாதிரி விடைகளை மனனஞ் செய்வோன், வினா சிறிது மாறினும் திகைத்து நிற்பான்.

பழைய மாணவர்க்கும் ஒரு சொல். பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாக அம்பாறை கொள்ளப்படுகின்றது. அவ்வொதுக்கீடு வாயிலைத் திறந்துவிடும். உள்ளே விரிவுரை மண்டபமும் பரீட்சையும் யாவர்க்கும் ஒன்றே. கிராமப் பாடசாலையொன்றில் உயர்தரக் கணிதத்துக்கு ஓர் ஆசிரியரே இருப்பின், அவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும் நாளில் வகுப்பே நின்றுவிடுகின்றது. பொறியியலாளராயும் ஆசிரியராயும் பிறவூர்களில் வாழும் நம்மவர், விடுமுறையில் ஊர் வரும்போது ஒரு காலைப்பொழுதை உயர்தர வகுப்புக்கு அளித்தல் கூடாதா? நெடிய சொற்பொழிவு வேண்டா. ஒரு மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்து, அவன் செய்யும் கணக்கைப் பொறுமையுடன் நோக்கி, 'ஏன்?' என்று ஒவ்வொரு படியிலும் வினவினாற் போதும். அவ்வினாவைத் தன்னிடந் தானே கேட்கப் பழகிய மாணவன், ஆசிரியர் இல்லாத நாளிலும் கற்றுக்கொண்டே இருப்பான்.