கண் அழுத்தம் பார்க்குமுன் இரவு லென்ஸ் பற்றிச் சொல்லுங்கள்

(கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்கவும்)



நம் கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று எந்நேரமும் ஊறி, வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் அடைபட்டால் நீர் தேங்கி அழுத்தம் கூடும். அது பார்வை நரம்பைச் சிறுகச் சிறுகக் கெடுக்கும். இதுவே கிளாக்கோமா எனும் கண் நீர் அழுத்த நோய். பெரும்பாலும் வலி இராது. முதலில் பக்கப் பார்வைதான் குறையும். "கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்று இருந்துவிடுவோம். போன பார்வை திரும்பாது.

அழுத்தத்தை எப்படி அளக்கிறார்கள்?

சொட்டு மருந்து விட்டு, கருவிழியைச் சிறு கருவியால் மெல்லத் தொட்டு அளப்பார்கள். காற்றை ஊதி அளப்பதும் உண்டு. சாதாரண அளவு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம்.

சைக்கிள் டயரை விரலால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஒரே அளவு காற்று இருந்தாலும் தடித்த டயர் கெட்டியாகத் தெரியும்; தேய்ந்த டயர் இளக்கமாகத் தெரியும். கருவிழியும் அப்படியே. அதன் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிப்பு. அது மெலிந்திருந்தால், உள்ளே இருப்பதைவிடக் குறைந்த அளவே கருவியில் தெரியும்.

இரவு லென்ஸ் என்ன செய்கிறது?

கிட்டப்பார்வை உள்ளவர்கள் இரவில் போட்டுத் தூங்கி, காலையில் கழற்றும் லென்ஸ் இது. ஆர்த்தோ-கே என்பார்கள். இரவில் கருவிழியின் நடுப்பகுதியைத் தட்டையாக்கும். அங்குள்ள மேல்தோல் சற்றே மெலியும். அதனால் பகலில் கண்ணாடி வேண்டாம். ஆனால் அழுத்த அளவு சற்றுக் குறைத்துக் காட்டக்கூடும். வித்தியாசம் பெரும்பாலும் சிறியதே. லென்ஸை நிறுத்தினால் கருவிழி நாளடைவில் பழைய நிலைக்குத் திரும்பும். கண்ணாடியை விட லேசர் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கோ கருவிழி நிரந்தரமாக மெலிந்துவிடும். அளவும் கூடுதலாகக் குறைந்து காட்டும்.

"பிரஷர் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்களே, அப்புறமென்ன?" என்று கேட்கலாம். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கே கிளாக்கோமா வரும் வாய்ப்பும் அதிகம். 21-க்குக் கீழே இருந்தும் இந்நோய் வருவதுண்டு. ஆகவே எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. டவுனில் படிக்கும் பிள்ளையோ நீங்களோ இரவு லென்ஸ் போட்டால், லேசர் ஆபரேஷன் செய்திருந்தால், பரிசோதனைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. லென்ஸ் தொடங்குமுன் எடுத்த அளவுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

3. "கருவிழித் தடிப்பையும் பார்வை நரம்பையும் பாருங்க டாக்டர்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

4. லென்ஸைக் கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ கழுவவே கூடாது. கண் சிவந்து வலித்தால் உடனே கழற்றிவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.

5. 40 வயதைக் கடந்தவர்களும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் உள்ளவர்களும் தவறாமல் கண்ணைக் காட்டுங்கள்.

மறைக்காமல் சொல்வோம்! பார்வையைக் காப்போம்!