கூல் ரூஃப் பெயிண்ட் உரியுதா? மறு கோட் அடிக்கும் முன் அக்கா சொல்வதைக் கேள்

மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடித்த முதல் கோடையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரண்டு, மூன்று வருஷம் போனதும் பழைய கதைதான். பகலெல்லாம் தளம் குடித்த சூடு, ராத்திரி எட்டு மணிக்கு சீலிங்கிலிருந்து இறங்கும். "இன்னொரு கோட் அடிச்சா சரியாயிடும்மா" என்பார் பெயிண்டர். அவசரப்பட்டுத் தலையாட்டாதே, தங்கச்சி. பழைய கோட்டிங் ஏன் கெட்டது என்று தெரியாமல் மேலே அடித்தால், அது பழையதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உரியும்.

முதலில், அது அழுக்கா பழுதா என்று பார்த்துவிடு. புது வெள்ளைக் கோட்டிங் வெயிலில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். வெறும் பழைய கான்கிரீட் அதில் பாதியைக்கூட அனுப்பாது. புழுதியும் புகைக்கரியும் பாசியும் படியப் படிய, கோட்டிங்கும் கான்கிரீட் மாதிரியே சூட்டை இழுக்க ஆரம்பிக்கும். ஒரு மூலையில் இரண்டடி இடத்தைச் சோப்புத் தண்ணீரும் மெத்து பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவு. மதியம் இரண்டு மணிக்கு, கழுவிய இடத்திலும் பக்கத்திலும் புறங்கையை வைத்துப் பார். கழுவிய இடம் தெளிவாகக் குறைவாகச் சுட்டால் உனக்குப் பெயிண்டே தேவையில்லை, மாடி முழுக்கக் கழுவினால் போதும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதானால் மழைநீர்க் குழாயைக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் போகாமல் திருப்பிவிடு. அதோடு ஆசிட்டைக் கலக்கவே கலக்காதே, விஷவாயு வரும்.

கழுவிக் காய்ந்த இடத்தில் விரலை அழுத்தித் தேய். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத்தூள் கையோடு வந்தால் கோட்டிங்குக்கு வயசாகிவிட்டது. பிறகு நல்ல பசையுள்ள டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழு. பெயிண்ட் சில்லு சில்லாக டேப்போடு வந்தால் பிடிப்பு போய்விட்டது. அதன் மேல் எந்தக் கம்பெனி பெயிண்ட் அடித்தாலும் காசு வீண்தான்.

கொப்பளம் இருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒன்றை பிளேடால் கீறித் தூக்கி, உரிந்த தோலின் அடிப்பக்கத்தைப் பார். சிமென்ட் மண் ஒட்டியிருந்தால், போன தடவை தளத்தைச் சரியாகத் துப்புரவு செய்யாமலே அடித்திருக்கிறார்கள். அடிப்பக்கம் சுத்தமாக இருந்து, கீழே இன்னொரு பழைய பெயிண்ட் தெரிந்தால் கோட்டும் கோட்டும் ஒட்டவில்லை. கீழே ஈரம் தெரிந்தாலோ, வெள்ளை உப்புப் பூத்திருந்தாலோ குற்றவாளி தண்ணீர். நம் ஊர் மாடிகளில் நான் அதிகம் பார்ப்பது இந்தக் கடைசி ரகத்தைத்தான். தளத்துக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் வெயிலில் ஆவியாகி வெளியே வர வழி தேடும். கோட்டிங்கைத் தள்ளிக்கொண்டுதான் வரும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடு. டேங்க் ஓவர்ஃப்ளோ, ஏசி தண்ணீர்க் குழாய், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையிலுள்ள விரிசல், இலை அடைத்த மழைநீர்க் குழாய் வாய் எல்லாவற்றையும் பார். மழை நின்று இரண்டு நாள் ஆகியும் குட்டை போல நின்றால் வாட்டம் சரியில்லை. அது பெயிண்டர் வேலை இல்லை, கொத்தனார் வேலை. வீட்டுக்குள் சீலிங்கில் துருக்கறை தெரிந்தாலோ, காரை பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ பெயிண்ட் பேச்சையே விட்டுவிட்டு இன்ஜினீயரைக் கூப்பிடு.

சிமென்ட் ஷீட் கூரை என்றால் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். பழைய ஷீட் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். அதைச் சுரண்டாதே, கம்பி பிரஷால் தேய்க்காதே, பிரஷர் வாஷ் அடிக்காதே. அந்த நார்த்தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுவிடும். ஷீட் மேல் நேரடியாகக் கால் வைக்கவும் யாரையும் விடாதே. உடைந்து ஆள் கீழே விழுவார். பட்டறை, குடோன் வைத்திருப்பவர்கள் பலகை போட்டு, பெல்ட் கட்டித்தான் ஆளை ஏற்ற வேண்டும். தகர ஷீட்டில் பழுது முதலில் தெரிவது போல்ட்டைச் சுற்றியும், ஷீட் மேல் ஷீட் ஏறும் இடத்திலும்தான். வெயிலில் விரிந்து ராத்திரியில் சுருங்கும் தகரம் அங்கேதான் கோட்டிங்கைப் பிளக்கும், துரு அங்கிருந்துதான் பரவும். துருவை எடுத்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்த பிறகே வெள்ளைக் கோட்டிங்.

மறு கோட் அடிப்பது முடிவானால், உரிந்ததை மட்டுமல்ல, பிடிப்பில்லாத ஓரங்களையும் எடுக்கச் சொல். விரிசலை அடைத்துக் காயவிடு. பிறகு ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்டின் நான்கு ஓரத்தையும் டேப் போட்டு, மாலை ஆறு மணிக்குத் தளத்தில் ஒட்டிவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்துப் பார். அடியில் வியர்த்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திரு. புதுத் தளம் என்றால் 28 நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் இரு. டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்ற விடாதே. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு என்று டப்பாவிலேயே இருக்கும். உன் மாடி அளவை வைத்துக் கணக்குப் போட்டு, காலி டப்பாவை எண்ணு. காலைப் பனி உலர்ந்த பிறகு ஆரம்பித்து, தளம் கையைச் சுடும் முன் நிறுத்திவிட வேண்டும். கொதிக்கும் தளத்தில் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து அடியில் பச்சையாகவே நிற்கும். முதல் கோட் நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது; அதைக் குறுக்கு வாட்டில் அடிக்கச் சொல்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய தளம் காய்வதற்கு நாள் பிடிக்கும். அதனால் தை மாதம் சோதனையைப் பார், மாசிக்குள் வேலையை முடி. கத்திரி வெயில் வரும்வரை விட்டுவிட்டால் நல்ல ஆளும் கிடைக்க மாட்டார், தளமும் கொதிக்கும்.