மேசைக்கு அடியில் ஏஜி-4

மைசூரு ஹெப்பாளிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் சத்தியமங்கலம் பக்கம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அலமாரி, ஷூ ரேக் செய்து கொடுக்கிறாராம். ஏஜி-4, அதாவது நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டரைத் தலைகீழாகத் திருப்பி, பிளைவுட் பலகைக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கி, மரம் அறுக்கும் பிளேடு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி மேசை ரம்பம் ஆக்கியிருக்கிறார். வீடியோ பார்த்துச் செய்தது. “இரண்டு வருஷமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை. இப்போது மகன் ஏழு அங்குல கட்டிங் டிஸ்க் ஒன்று கொண்டுவந்து, இரும்பு வெட்ட இதையும் அதிலேயே மாட்டலாம் என்கிறான். கவனமாக இருந்தால் போதும்தானே சார்?”

போதாது. முதலில் மகனுடைய யோசனையை முடித்துவிடுவோம், அதுதான் அவசரம்.

நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். ஏழு அங்குல டிஸ்கின் முகத்தில் 8,500 ஆர்.பி.எம். என்று அச்சிட்டிருக்கும், 80 மீ/வி என்றும் இருக்கும். அந்த 80தான் டிஸ்கின் விளிம்பு ஒரு நொடியில் எத்தனை மீட்டர் ஓடலாம் என்பதற்கு எல்லை. 180 மில்லிமீட்டர் டிஸ்கை 11,000 சுற்றில் விட்டால் விளிம்பு நொடிக்கு 103 மீட்டருக்கு மேல் ஓடும். மணிக்கு 370 கிலோமீட்டர். டிஸ்கைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது, ஆகவே அது தாங்க வேண்டிய அளவைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு ஆகிவிடும். தயாரிப்பவர்கள் கொஞ்சம் தாங்குதிறன் கூடுதலாக வைத்துத்தான் செய்கிறார்கள். அதனால் பெரும்பாலும் முதல் நாள் உடையாது. அதுதான் இதில் மோசமான விஷயம்: முதல் நாள் உடையாததால் இரண்டாம் நாளும் மாட்டுவோம். ஓரத்தில் சின்னக் கீறல் விழுந்த அன்றைக்கு உடையும்.

துளையும் ஒத்துவராது. நாலு அங்குல டிஸ்கின் துளை 16 மில்லிமீட்டர், ஏழு அங்குலத்தினுடையது 22 சொச்சம். இடைவெளியை வாஷரோ டேப்போ வைத்து நிரப்பினால் டிஸ்க் மையத்தில் உட்காராது, அதிரும். பெரிய டிஸ்குக்கு இடம் வேண்டுமென்று கார்டையும் கழற்றியாக வேண்டும். ஒரே வேலையில் மூன்று தப்பு.

நான் வேலை பழகிய பட்டறையில் இதே காரியத்தை ஒருவர் செய்தார். பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யாருக்கும் அடியில்லை. துண்டு எங்கே போனது என்று தரையெல்லாம் தேடினோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒருவர் மேலே பார்த்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் எட்டணா அகலத்துக்கு வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கணக்கெல்லாம் புதிதல்ல. 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 30ஆம் பிரிவே, சாணைச் சக்கரத்தின் பாதுகாப்பான விளிம்பு வேகத்தையும் தண்டின் வேகத்தையும் எந்திரத்தின் பக்கத்திலேயே எழுதி வைக்கச் சொன்னது. ஆனால் அந்தச் சட்டம் பொருந்தியது மின்சாரத்தில் இயங்கிப் பத்துப் பேராவது வேலை செய்த இடத்துக்கு. ஹெப்பாள் தொழிற்பேட்டையின் பெரிய கேட்டுக்குள் இருப்பவருக்கு அந்தப் பலகையைச் சட்டம் மாட்டிவைத்தது. இரண்டு தெரு தள்ளித் தகரக் கொட்டகையில் இருக்கும் உங்களுக்கு அதை நீங்கள்தான் எழுதி மாட்டிக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் மேசை. கட்டிங் டிஸ்க் இரும்பைத் தேய்த்துக்கொண்டே போகும். பல் வைத்த பிளேடு மரத்தைக் கடிக்கும். கடித்தது சிக்கினால் திருப்பி வீசும். அறுபட்ட பலகை பின்பக்கம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வுவது சாதாரணமாக நடப்பது. கடையில் வாங்கும் மேசை ரம்பத்தில் அதற்காகவே பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கும், வெட்டு மூடாமல் பார்த்துக்கொள்ளும். உங்கள் மேசையில் அது இல்லை. பலகை வயிற்றை நோக்கிப் பறக்கும். அதை அழுத்தித் தள்ளிக்கொண்டிருந்த கை, பிடிமானம் போய்ப் பிளேடின் மேலேயே விழும். அந்த நேரத்தில் சுவிட்சு எங்கே? மேசைக்கு அடியில். அதுவும் தள்ளினால் அப்படியே நிற்கும் ரகம்.

சுற்றும் திசையையும் பார்த்தீர்களா? உங்களைப் பார்த்திருக்கும் பக்கத்துப் பல் கீழ்நோக்கி இறங்க வேண்டும். கிரைண்டரைத் திருப்பிப் போடுகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. பல் மேல்நோக்கி ஏறினால் பலகையைத் தூக்கிக் கையோடு சேர்த்து முன்னால் இழுக்கும்.

மின்சாரம் இன்னொரு தொல்லை. உங்கள் கிரைண்டரின் பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்கிறதா? இரட்டைக் காப்பு என்று அர்த்தம். அதில் எர்த் கம்பியே கிடையாது. பிளாஸ்டிக் உடம்புதான் காப்பு. அதைத் துளைத்து நீள ஸ்குரூ ஏற்றினால் காப்பு போயிற்று. மரத்தூளும் தலைகீழாகக் கிடக்கும் காற்றுத் துளைகளில் நேராக இறங்கி, கார்பன் பிரஷ் பொறி விடும் இடத்தில் சேரும். பக்கத்தில் தின்னர் டப்பா இருந்தால் சொல்லவே வேண்டாம். கொட்டகை லைனில், மின்கசிவு கண்டால் அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள்.

வீட்டில் எதையுமே செய்யக்கூடாது என்று சொல்கிற ஆள் நானல்ல. என் கொட்டகையில் பாதி நானே செய்ததுதான். எனக்கு ஒரே வரம்பு: சுற்றாததைச் செய்துகொள்ளலாம், சுற்றுவதையும், சுற்றுவதைத் தாங்கிப் பிடிப்பதையும், மூடுவதையும் வாங்க வேண்டும். பலகையைத் தள்ளும் குச்சி, நேர்கோட்டுக்கு அலுமினியச் சேனல், கிளாம்ப் மாட்டும் கட்டை எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். டிரில் மெஷினில் வளைத்த கம்பியை மாட்டிப் பெயின்ட் கலக்குவது சின்ன விஷயம் போலத் தெரியும். 2,600 சுற்றில் அந்தக் கம்பி டப்பாவை விட்டு வெளியே வந்தால் சாட்டைதான்.

உங்களுக்கு வேண்டியது ஏழு அங்குலக் கைரம்பம், அதாவது சர்குலர் சா. அடித்தட்டும், தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கார்டும், விரலை எடுத்தால் அணையும் சுவிட்சும் அதோடே வரும். பலகையைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, சேனலை ஒட்டி ஓட்டுங்கள். இப்போதைக்குக் காசு இல்லையென்றால் பெரிய வெட்டுகளைப் பேனல் சா உள்ள இடத்தில் ஜாப் ஒர்க்காகக் கொடுத்துவிடுங்கள். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்கு அலைய வேண்டியிருக்காது. ஓட்டும்போது பின்னல் கையுறை வேண்டாம், நூலைப் பிளேடு இழுக்கும். லுங்கி வேண்டாம். சாமுண்டி மலையில் கட்டிவிட்ட மணிக்கட்டுக் கயிற்றையும் சட்டைக் கைக்குள் விட்டுப் பொத்தான் போட்டுக்கொள்ளுங்கள், அம்மன் கோபிக்கமாட்டாள்.

ஒருவேளை விரல் துண்டானால், பலரும் துண்டை நேராக ஐஸில் போட்டுவிடுகிறார்கள், தசை செத்துப்போகும். ஈரம் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். காயத்தின் மேல் துணி வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் கை அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிறார் என்பதை இன்றைக்கே விசாரித்து, கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதுங்கள். அதற்குக் கீழே 11,000, 8,500 என்ற இரண்டு எண்களையும்.

மகன் கொண்டுவந்த டிஸ்கின் நடு இரும்பு வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், காலாவதி மாதமும் வருஷமும் பொறித்திருக்கும். யாரோ மூலையில் போட்டு வைத்திருந்த டிஸ்க் என்றால் பெரும்பாலும் அது முடிந்திருக்கும். வேறு யாரும் எடுத்து மாட்டாதபடி அதை உடைத்தே குப்பையில் போடுங்கள்.