அக்காவின் பங்கு

கேள்வி: அப்பா காலமான பிறகு எங்கள் வயலை விற்றோம். பேச்சுவார்த்தை, பணம் எல்லாம் என் கையில்தான். பத்திரத்தில் காட்டியது 10 லட்சம். நான் வாங்கியது 14 லட்சம். அக்காவிடம் பத்திர விலையையே சொல்லி 5 லட்சம் கொடுத்தேன். அவர் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். போன வருடம் கன்வென்ஷன் கூட்டத்தில் இதை அறிக்கையிட்டு அழுது ஜெபித்தேன். ஆனாலும் திருவிருந்துக்கு முழங்காலிடும்போதெல்லாம் அக்கா முகம் கண்ணில் வந்து நிற்கிறது. “தேவன் மன்னித்ததை ஏன் கிளறுகிறீர்கள்?” என்கிறார் மனைவி. எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டதா, இல்லையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கிடைத்திருக்கிறது, சகோதரரே. அதில் சந்தேகம் வேண்டாம். பாவத்தை மறைக்காமல் அறிக்கையிடுகிறவர்களைத் தேவன் மன்னிக்கிறார் என்று யோவானின் முதல் நிருபம் உறுதி சொல்கிறது. நாம் எவ்வளவு அழுதோம் என்று பார்த்து அவர் மன்னிப்பதில்லை. கிறிஸ்துவின் சிலுவைக்காக மன்னிக்கிறார். ஆகவே அதே பாவத்துக்காக இரவுதோறும் மன்றாடிக்கொண்டிருக்காதீர்கள்.

ஆனால் அக்காவின் 2 லட்சம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. உங்கள் மனைவி சொல்வதை நான் ஏற்காததற்குக் காரணம் அதுவே.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். அயலானை ஏமாற்றிச் சேர்த்தவன், முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவரிடம் கொடுக்க வேண்டும். அதுவும் குற்றநிவாரண பலியைச் செலுத்தும் அதே நாளில். ஆட்டுக்கடாவை மட்டும் ஓட்டிக்கொண்டு ஆசாரியனிடம் போக வழியில்லை. மலைப்பிரசங்கத்தில் இயேசுவும், சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது பலிபீடத்தண்டை நினைவுக்கு வந்தால் காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிறார். திருவிருந்து நேரத்தில் உங்களுக்கு வருவதும் அந்த நினைவுதான். அதைச் சாத்தானின் குற்றச்சாட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரிசுத்த ஆவியானவர் பேசுகிறார் என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியானால் பணத்தைக் கொடுத்துத்தான் மன்னிப்பை வாங்க வேண்டுமா? இல்லவே இல்லை. எரிகோவில் நடந்ததைக் கவனியுங்கள். காட்டத்தி மரத்தில் இருந்த சகேயுவை இயேசு முதலில் பெயர் சொல்லி அழைத்தார். உன் வீட்டில் தங்குவேன் என்றார். அதன் பிறகுதான் அந்த ஆயக்காரன் நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னான். ஆட்டைத் திருடி விற்றவனுக்கு மோசே விதித்த அளவு அது. யாரும் கேட்காமலே அவன் அதைத் தனக்கு விதித்துக்கொண்டான். யூதாசும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவன்தான். முப்பது வெள்ளிக்காசையும் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போனான். ஆனால் இயேசுவிடம் அவன் திரும்பி வரவில்லை. அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

கத்தோலிக்கச் சபையிலும் இதே போதனைதான். பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் மன்னிப்பு வழங்கினாலும், திருடியதைத் திருப்பித் தரும் கடமை நீங்குவதில்லை. திருப்பித் தரவே முடியாத பாவங்களும் உண்டு. உரியாவின் உயிரைத் தாவீது எங்கிருந்து கொண்டுவருவான்? நொறுங்குண்ட இருதயம் ஒன்றுதான் அவனிடம் இருந்தது. தேவன் அதைத் தள்ளிவிடவில்லை. உங்கள் நிலை அப்படியல்ல. உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறார்.

லேவியராகமக் கணக்குப்படி 2 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. அதைக் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருட வட்டியைப் பார்த்தால் இன்னும் கூடும். மொத்தமாக முடியாவிட்டால், மாதம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுங்கள். பத்திர விலை, வாங்கிய விலை, அவருக்கு வராமல் போனது மூன்றையும் உடைத்துச் சொல்லுங்கள். “ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னித்துக்கொள்” என்று பூசி மெழுகாதீர்கள். அவர் கோபப்பட்டால் பதில் பேசாமல் கேளுங்கள். வசனத்தைக் காட்டி அப்போதே மன்னிக்கச் சொல்லி நெருக்குவதும் கூடாது. அவருக்கு நாள் பிடிக்கலாம். அவர் மன்னிக்கத் தாமதித்தாலும் தேவன் உங்களுக்குத் தந்த மன்னிப்பு தள்ளிப்போகாது.

போவதற்கு முன் மனைவியிடம் எல்லாவற்றையும் பேசுங்கள். குடும்பப் பணத்திலிருந்து போகப்போகிற தொகை இது. அவருக்குத் தெரியாமல் கொடுத்தால், அங்கே இன்னொரு மறைவு ஆரம்பித்துவிடும்.